நம்பரப் படிக்கச் சொல்லித் தந்த தச்சநல்லூர் பேரிங் கடை

2023 டிசம்பர் 17, 18 ரெண்டு நாளும் தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள்ள வந்தத நம்மூர்க்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. எங்க பட்டறை சிந்துபூந்துறை பக்கம், ஆத்துல இருந்து கூப்பிடு தூரம், உள்ள இடுப்புக்கு மேல தண்ணி. தேக்குப் பலகைய மேல ஏத்திட்டோம், கம்ப்யூட்டர ஏத்திட்டோம், கன்ட்ரோல் பாக்ஸ கழத்தி மாடிக்குக் கொண்டு போயாச்சி, ஆனா கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல மரம் செதுக்குத சிஎன்சி ரவுட்டர எங்கன தூக்க, நாலுக்கு நாலு அடி மிஷின், நின்ன இடத்துலயே முங்கிட்டு. தண்ணி வடிஞ்ச பெறவு பாத்தா மிஷின் தலை ஓடுத எஃகு ரயில் மேல மரத்தூளும் வண்டலும் சேந்து பூசி விட்ட மாதிரி காஞ்சி கெடக்கு.

மண்ணெண்ணெய் ஊத்தி, பழைய வேட்டித் துணி வச்சி துடைச்சி, கிரீஸ் அடிச்சி ஓட விட்டோம். ரெண்டு மாசம் ஓடுச்சு. பெறவு கேன்ட்ரி, அதாவது செதுக்குத தலையத் தாங்குத குறுக்குச் சட்டம், முன்ன பின்ன போகும்போது கரகரன்னு ஒரு சத்தம், சோத்துல கல்லு கடிபட்ட மாதிரி. பூஜை ரூம் கதவுக்கு மணி செதுக்குனா வட்டம் வட்டமா வரல, ஓரத்துல படி படியா விழுது. கழத்திப் பாத்தா நாலு பிளாக்குலயும் உள்ள குண்டு புள்ளி புள்ளியா அரிச்சிருக்கு. இந்த வேலையில இல்லாதவங்களுக்கு ஒரு வரி சொல்லிருதேன், மிஷின்ல தலை நகருததுக்குக் கீழ எஃகு ரயில் இருக்கும், அதக் கவ்விக்கிட்டு ஓடுத பெட்டிதான் பிளாக்கு, உள்ள வரிசையா குண்டு சுத்தி வரும், ரெண்டையும் சேத்து எல்எம் கைடும்பாங்க. ஜப்பான் டிஎச்கே கம்பெனி 1972ல கொண்டு வந்த சாமான் இது. என் மிஷின்ல இருந்தது தைவான் ஹைவின்.

இப்ப நான் பண்ண தப்பு. பிளாக்கு மேல நம்பர் பாதி துரு தின்னுட்டு. "எச்ஜி"ன்னு ரெண்டு எழுத்து தெரியுது, நடுவுல எல்லாம் மங்கல். சரின்னு ரயில் அகலத்துக்கு வெர்னியர் அளவுகோல வச்சேன், 23 மில்லி வந்துச்சு. ஆன்லைன்ல விக்கிற ஒருத்தருக்கு ஃபோன் போட்டு 23 சைஸ் எச்ஜி பிளாக்கு நாலு வேணும்னேன். அவரு 23ன்னு ஒண்ணு கிடையாது, அது 25தான், எல்லா 25உம் ஒண்ணுதான், அனுப்பிருதேன்னாரு. ஒன்பதாயிரம் சொச்சம் அனுப்பி விட்டேன். மூணு நாள்ல பார்சல் வந்துட்டு. பிரிச்சி ரயில்ல தள்ளுனேன் பாருங்க, அவ்வளவு பதமா ஏறிச்சு, ஒரு தடுமாட்டம் இல்ல. எனக்கு சந்தோசம் தாங்கல. கேன்ட்ரிய மேல எறக்குனாதான் தெரியுது, ஒரு போல்ட் கூட ஓட்டைக்கு நேர வரல, அதோட கேன்ட்ரி 4 மில்லி தூக்கிக்கிட்டு நிக்கி. வந்தது எச்ஜிஎச் 25 சிஏ. என் மிஷின்ல இருந்தது எச்ஜிடபிள்யூ 25 சிசி. அந்த ஒரு எழுத்து எச்-சுக்கும் டபிள்யூ-வுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஒன்பதாயிரம் போச்சி, பிரிச்ச சரக்கு திரும்ப எடுக்க மாட்டோம்னுட்டாங்க. ரெண்டு வாரம் மிஷின் நின்னுச்சு, கல்யாண வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய கதவு ஒண்ணு வெளிய கொடுத்து செதுக்க வேண்டியதா போச்சி. அத இப்ப நெனச்சாலும் வயிறு எரியுது.

அப்பதான் லேத் பட்டறை சித்தப்பா சொன்னாரு, தச்சநல்லூர்ல ஒரு அண்ணாச்சி பேரிங் கடை வச்சிருக்காரு, அங்கன போயி பழைய பிளாக்கக் காட்டு, சும்மா ஃபோன்ல கேக்காதன்னு. கடைப் பேரு நான் போடல, அண்ணாச்சிட்ட கேட்டேன், வேண்டாம்னுட்டாரு. மதுரை ரோட்டுல ஜங்ஷன்ல இருந்து தச்சநல்லூர் போனா எடது கைப்பக்கம், வெளிய வி-பெல்ட் கொத்து கொத்தா தொங்கும், உள்ள நீளமா ஒரு சந்து மாதிரி போகும், ரெண்டு பக்கமும் கூரை வரைக்கும் மரத் தட்டு. பாத்தா சாதாரணக் கடைதான். இந்த ரிவ்யூ எழுதுததுக்குக் காரணம் கடைல சரக்கு இருக்குங்கிறதுக்காக இல்ல, அந்த மனுசன் கேக்கிற கேள்விக்காக.

நான் போயி "அண்ணாச்சி, ஹைவின் 25 பிளாக்கு இருக்கா"ன்னேன். அவரு இருக்கு இல்லன்னு எதுவும் சொல்லல. "பழசு கொண்டாந்திருக்கீரா வே"ன்னாரு. பையில இருந்து எடுத்துக் குடுத்தேன். ஒரு சின்ன டப்பால மண்ணெண்ணெய் தொட்டு, பல் தேய்க்கிற பிரஷ் வச்சி பக்கவாட்ட பைய தேய்ச்சாரு, டியூப் லைட்டுக்கு நேரா சாய்ச்சி சாய்ச்சிப் பாக்காரு, பெறவு மொபைல் டார்ச்ச கிட்ட வச்சி படுக்க வெளிச்சம் அடிச்சாரு. நேரா அடிச்சா தெரியாத எழுத்து பக்கவாட்டுல அடிச்சா நிழல் விழுந்து தெரியுது. எச், ஜி, டபிள்யூ, 2, 5, சி. கடைசி எழுத்து போயே போச்சி. "இதுக்கு மேல எழுத்து சொல்லாது தம்பி, ஓட்டைதான் சொல்லும்"னு சொல்லிட்டு பிளாக்கக் கவுத்துனாரு.

பில் புக்குப் பின்னாடி ஒரு வரி எழுதுனாரு, அந்தத் தாள நான் இன்னும் வச்சிருக்கேன். எச்ஜிடபிள்யூ 25 சிசி 2 ஆர் 1600 இசட்0 சி, அதுக்குப் பக்கத்துல ரோமன் எழுத்துல ரெண்டு. "இத ஒரு பேரா நெனைக்காதீரு, மேலவிலாசம் மாதிரி படியும், ஊரு, தெரு, வீட்டு நம்பரு"ன்னாரு. மொத ரெண்டு எழுத்து எச்ஜி, அது குடும்பம். இதே ஹைவின்ல ஈஜின்னு இன்னொரு குடும்பம் இருக்கு, அது உயரம் கம்மியான சாதி, ஈஜி 25 ரயிலும் மேல அளந்தா அதே 23தான் வரும், ஆனா உசரம் 18 மில்லி, எச்ஜி ரயில் உசரம் 22. அகலத்த மட்டும் அளந்துட்டு வந்தா இங்கயே கவுந்துரும். மூணாவது எழுத்துதான் என்னக் கவுத்த எழுத்து. எச்-சுன்னா கட்டை பிளாக்கு, பக்கம் ரெண்டும் வெட்டி விட்ட மாதிரி நேரா இருக்கும். டபிள்யூ-ன்னா ரெண்டு பக்கமும் காது வச்சது. 25ல கட்டை பிளாக்கு மொத்த உசரம் 40, அகலம் 48, போல்ட் ஓட்டை 35க்கு 35. காது வச்சதுக்கு உசரம் 36, அகலம் 70, ஓட்டை 57க்கு 45. ரெண்டும் ஓடுத ரயில் ஒண்ணுதான், அதனாலதான் தப்பான பிளாக்கு அன்னைக்கி அவ்வளவு பதமா ஏறிச்சு. ரயில்ல ஏறுது, அதனால சரிதான்னு நெனைக்கப்படாதுங்கிறத நான் அந்த எடத்துல வச்சித்தான் புரிஞ்சிக்கிட்டேன்.

அப்புறம் இந்த 25. இது ரயில் அகலம் இல்ல, சைஸ் பேரு. 15க்கும் 20க்கும் அளந்தா அதே 15, 20 வரும், அதனால எல்லாத்துக்கும் அப்படித்தான்னு நம்பிருதோம். 25ன்னா அகலம் 23, 30ன்னா 28, 35ன்னா 34, திரும்ப 45ன்னா 45தான். டிஎச்கே கம்பெனி எச்எஸ்ஆர் குடும்பத்துலயும் 25க்கு 23தான். வெர்னியர்ல 23ஓ 28ஓ வந்தா பயப்படாதீங்க, அது தேய்ஞ்சி போகல, அதோட அளவே அதான். ஒரு பையன் 30 ரயில் ரெண்டு மில்லி தேஞ்சிட்டுன்னு நெனச்சி ரயிலையே மாத்த வந்தானாம், அண்ணாச்சி திருப்பி அனுப்பிட்டாரு.

சைஸ்சுக்குப் பெறவு வர்ற சி, பாரம். சி-ன்னா ஹெவி லோடு, எச்-சுன்னா அதுக்கும் மேல. அகலம் உசரம் ஓட்டை அகலம் மாறாது, நீளம்தான் கூடும், 25ல சி 84 மில்லி, எச் 104.6. இருபது மில்லி நீளம் ஒண்ணுமில்லன்னு தோணும், ஆனா லிமிட் சுவிட்சு, அதாவது தலை ஓரம் போனா மிஷின நிறுத்துத சுவிட்சு, ஓரமா வச்சிருந்தா பிளாக்கு போயி இடிக்கும். கடைசி எழுத்து, துரு தின்னது, போல்ட் எப்படி மாட்டுததுங்கிறது. ஏ-ன்னா மேல இருந்து போல்ட் எறங்கி பிளாக்குல உள்ள மரையில பிடிக்கும். பி-ன்னா மரை கிடையாது, கீழ இருந்து போல்ட் ஏறணும். சி-ன்னா ரெண்டும் முடியும். என் பிளாக்கு காதுல எம் 8 மரை இருக்கு, ஓட்டை முழுசா கீழ வரைக்கும் தொறந்தும் இருக்கு, ஒரு எம் 6 போல்ட்ட எடுத்து கீழ இருந்து விட்டுக் காட்டுனாரு, மரையத் தொடாம உள்ள போயி மேல தலை நீட்டுது. "இது சி. கடைசி எழுத்தும் கெடச்சாச்சி." இது எல்லாத்துக்கும் பத்து நிமிசம் ஆயிருக்கும், அதுக்குள்ள ரெண்டு பேரு வந்து பெல்ட் கேட்டு நின்னாங்க, செத்த நில்லுங்கன்னு சொல்லிட்டு முடிச்சாருல்லா, அதுக்குத்தான் மொத ஸ்டார்.

பெறவு ரயில். நான் பிளாக்கு மட்டும் போதும்னுதான் போனேன். "ரயில்ல நகத்த வச்சி ஓட்டிப் பாத்தீரா"ன்னாரு. இல்லன்னேன். "வீட்டுக்குப் போயி குண்டு ஓடுத வரியில நகத்த வச்சி பைய இழும், எங்கயாவது தட்டுச்சின்னா புது பிளாக்கு வாங்கி அதுல ஏத்தாதீரும், ஆறு மாசத்துல அதுவும் போவும்"னு சொல்லி அன்னைக்கி எதுவும் விக்காம அனுப்பி வச்சாரு. காசு கையில வச்சிக்கிட்டு நிக்கிற ஆளத் திருப்பி அனுப்புதவரு எத்தன பேரு இருக்காங்க. வந்து பாத்தேன், ரெண்டு ரயில்லயும் கை நீள தூரத்துக்கு நகம் தட்டிக்கிட்டே வருது, தண்ணி நின்ன மட்டத்துல.

மறுநாள் போனேன். ரயில் நீளம் 1600. "மொத ஓட்டை நடுவுல இருந்து ரயில் முனை வரைக்கும் எவ்வளவு"ங்கிறாரு. நான் அளக்கல. இத எழுதும்போது கூட கொஞ்சம் அழுத்தி எழுதணும்னு தோணுது, ஏன்னா இத யாரும் கேக்கிறதே இல்ல. 25 ரயில்ல ஓட்டைக்கு ஓட்டை 60 மில்லி. 1600ல 27 ஓட்டைன்னா நடுவுல 26 இடைவெளி, 26 அறுவது 1560, மிச்சம் 40, முனைக்கு 20 இருவதா ரெண்டு பக்கமும் போகும். இது ஒழுங்கா வெட்டுன ரயிலு. அதே 1600ஐ நீள ரயில்ல இருந்து இஷ்டத்துக்கு வெட்டுனா ஒரு பக்கம் 10, மறுபக்கம் 30ன்னு வரும், நீளம் சரியாத்தான் இருக்கும், நம்பரும் அதேதான் இருக்கும், ஆனா உங்க மிஷின் பெட்டுல, அதான் ரயில் உக்காருத அடிச்சட்டத்துல, ஏற்கனவே போட்ட மரைக்கு வச்சா ரயில் முனை 10 மில்லி தள்ளி நிக்கும். பிஎம்ஐ கம்பெனி நம்பர்ல இந்த முனை அளவ 20க்கு 40ன்னு நீளத்துக்குப் பின்னாடியே கோடு போட்டு எழுதுதான், அது எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சி. ஹைவின்ல சும்மா 1600ன்னு எழுதுனா போதாது, முனை அளவ தனியா சொல்லிரணும்னாரு. ஆர்-ங்கிறது மேல இருந்து போல்ட் போடுத ரயிலு, டி-ன்னா கீழ இருந்து. என்னுது ஆர்.

நீளத்துக்கு முன்னால இருக்கிற 2 ஒரு ரயிலுக்கு எத்தன பிளாக்குங்கிறது, மொத்தம் எத்தனைன்னு இல்ல. கடைசில ரோமன் ரெண்டு, ஒரே தளத்துல ரெண்டு ரயிலு. ஆக மொத்தம் நாலு பிளாக்கு. டிஎச்கே நம்பர்லயும் கடைசில ரோமன் ரெண்டு வரும், ஆனா அங்க நம்பர் ஒரு ரயில் செட்டுக்குத்தான், ரெண்டு ரயில் இணையா போடணும்னா குறைஞ்சது ரெண்டு செட்டுன்னு ஆர்டர்ல தனியா எழுதணும். தெரியாம ஒண்ணுன்னு எழுதிட்டா ஒரு ரயில்தான் வரும், நாம பெட்டியப் பிரிச்சிட்டு முழிக்க வேண்டியதுதான்.

இப்ப காசு விசயம். இசட்0-ங்கிறது பிரீலோடு, அதாவது குண்டு எவ்வளவு இறுக்கமா உக்காந்திருக்குங்கிறது. இசட்0 லேசு, பாரத் திறன்ல 2 சதவீதம் வரைக்கும், இசட்ஏ 5ல இருந்து 7, இசட்பி 10ல இருந்து 12. அதுக்குப் பின்னால சி, எச், பி, எஸ்பி, யூபின்னு துல்லியம் ஏறிக்கிட்டே போகும். நான் வெள்ளத்துல அடிபட்டவன்லா, இனிமே எல்லாம் ஒசத்தியா போட்டிரணும்னு ஒரு வேகம், "இசட்ஏ போடுங்க அண்ணாச்சி, பி கிளாஸே போடுங்க"ன்னேன். "எதுக்கு வே? உம்ம பெட்டு வெல்டிங் பண்ண பைப்பு. அது அரை மில்லி கோணிக்கிட்டு நிக்கும், அதுல போயி இறுக்கமான பிளாக்கப் போட்டா ரயிலே கோணிக்கிட்டு பிளாக்கு சீக்கிரம் செத்துப் போவும். மரம் செதுக்குததுக்கு இசட்0 சி போதும். அந்தக் காச தூசி மறைப்புல போடும்"னாரு. கூட விலைக்கு உள்ளத நான் கேட்டும் விக்கல. தூசிக்கு நம்பர் கடைசில பிளஸ் போட்டு டிடின்னு வரணும், ரெட்டை சீல். எதுவும் எழுதலேன்னா முனைக்கு ஒரு சீல், அடியில ஒரு சீல். இசட்இசட்-ன்னா அதோட ஒரு தகடு சுரண்டி, இரும்புத் துருவல் விழுத மிஷினுக்கு நல்லது. கேகே-ன்னா ரெட்டை சீலும் தகடும் ரெண்டும். தேக்குத் தூளு மாவு மாதிரி இருக்கும், அதுக்கு டிடி. பிளாக்கு கொஞ்சம் நீளும், அதையும் முன்னாடியே சொல்லி லிமிட் சுவிட்ச தள்ளி வைக்கச் சொன்னாரு.

நான் அங்கன உக்காந்திருக்கும்போதே மானூர்ப் பக்கம் ரைஸ் மில்காரர் ஒருத்தர் மோட்டார் பேரிங் கேட்டு வந்தாரு, 6308 சி3. கடைசி ரெண்டு எண் 08, அஞ்சால பெருக்குனா 40, தண்டு 40 மில்லி, இது எனக்கே தெரியும். ஆனா சி3-ன்ன உடனே எனக்குச் சந்தேகம், அப்ப பால் ஸ்குரூவுக்கும், அதாவது சுத்திச் சுத்தி மிஷின் தலையத் தள்ளுத மரைத் தண்டுக்கும், சி3, சி7ன்னு சொல்லுதாங்கல்லா, ரெண்டும் ஒண்ணான்னு கேட்டேன். அண்ணாச்சிக்கு இந்தக் கேள்வி புடிச்சிப் போச்சி போல, பில் புக்க மறுபடி திருப்புனாரு. பேரிங்ல சி3-ன்னா உள்ள லூசு சாதாரணத்த விட கூட, மோட்டார் சூடாகி விரியும்ல, அதுக்கு எடம். பால் ஸ்குரூவுல சி3-ன்னா நேர் எதிர், துல்லியம், 300 மில்லி ஓடுனா தப்பு 8 மைக்ரான்தான், சி7-ன்னா 50, சி10-ன்னா 210. டிஎச்கே எல்எம் கைடுல சி1 லேசான பிரீலோடு, சி0 அத விட இறுக்கம், எண்ணு சின்னதாக ஆக இறுக்கம் கூடுது. ஹைவின் பிளாக்குல நடுவுல வர்ற சி ஹெவி லோடு, கடைசில வர்ற சி சாதாரணத் துல்லியம். ஒரே சி அஞ்சு எடத்துல அஞ்சு அர்த்தம். இதே மாதிரிதான் இசட்இசட்டும், பேரிங்ல அது ரெண்டு பக்கம் தகடு மூடி, பிளாக்குல அது சீலோட சேந்த சுரண்டி. எழுத்து எந்த எடத்துல நிக்குதுங்கிறத வச்சித்தான் படிக்கணும், எழுத்த மட்டும் வச்சி இல்ல. இத எனக்கு ஒரு காலேஜ்லயும் சொல்லித் தரல, ஐடிஐல ரெண்டு வருசம் படிச்சவன்தான் நானும்.

கல்லிடைக்குறிச்சில அப்பள மிஷின் வச்சிருக்கிற கூட்டாளி ஒருத்தன் இருக்கான், அவன் கதையும் இதுக்குள்ள வரும். அவன் மிஷின்ல ரயில் கிடையாது, உருண்ட ராடு, அதுல ஓடுத புஷ். எல்எம் 16 யூயூ வாங்கிட்டுப் போயிருக்கான், மிஷின்ல புஷ் உக்காருத குழிக்குள்ள, அத வீடும்பாங்க, போகல. எல்எம் 16 யூயூ-ன்னா உள்ள 16, வெளிய 28, நீளம் 37. அவன் மிஷின் ஐரோப்பா அளவுல செஞ்சது, அதுக்கு எல்எம்இ 16 யூயூ, உள்ள அதே 16, வெளிய 26, நீளம் 36. ஒரு இ எழுத்து. 12ல இன்னும் மோசம், எல்எம் 12 வெளிய 21, எல்எம்இ 12 வெளிய 22, ஒரு மில்லிதான் வித்தியாசம், சுத்தியல வச்சி அடிச்சி ஏத்திரலாம்னு தோணும், ஏத்துனா புஷ்சும் போச்சி வீடும் போச்சி. 20ல ரெண்டுக்கும் வெளிய 32, நீளம் மட்டும் 42, 45. யூயூ-ன்னா ரெண்டு பக்கமும் சீலு, அது ரெண்டுலயும் ஒண்ணுதான். கவர்மெண்ட் இன்ஜினியரிங் காலேஜ் பயலுவ பிராஜெக்ட்டுக்கு எல்எம் 8 யூயூ வாங்க இங்க வருவானுவ, அவனுவள்ட்டயும் அண்ணாச்சி ராடு அளந்தாச்சான்னு கேக்காம ஒண்ணு குடுக்கிறதில்ல.

என்னோட மிஷின்ல தலை மேல கீழ போற இசட் ஆக்சிஸ்ல 1605 பால் ஸ்குரூ, அது சுலபம், 16 விட்டம், ஒரு சுத்துக்கு 5 மில்லி எறங்கும், 1610ன்னா ஒரு சுத்துக்கு 10. இத ரெண்டு முனையிலயும் தாங்குத பேரிங் பெட்டி, மேல பக்கம் பிகே 12, கீழ பக்கம் பிஎஃப் 12. போன வருசம் நான் ஸ்குரூ முனை ரெண்டையும் 12ன்னு லேத்துல கடைய வச்சேன், 12ன்னு போட்டிருக்கே, வேற என்ன வரும். பிகே 12 உள்ள 12தான். பிஎஃப் 12 உள்ள 10. மறுபடி கடைஞ்சோம். இத அண்ணாச்சிட்ட சொன்னா, "15ல ரெண்டும் 15தான் வே, 12லதான் இப்படி, வாங்குத எல்லாருக்கும் நான் சொல்லித்தான் குடுக்கேன்"ங்கிறாரு. ஒரு வருசத்துக்கு முன்னால இந்தக் கடை எனக்குத் தெரியாமப் போச்சேன்னு அன்னைக்கிதான் நெனச்சேன்.

வேற கம்பெனி மாத்திப் போடலாமான்னும் கேட்டேன். டிஎச்கே எச்எஸ்ஆர் 25 ஏ எடுத்தா அதுவும் காது வச்சதுதான், உசரம் 36, அகலம் 70, ஓட்டை 57க்கு 45, கேன்ட்ரில அப்படியே உக்காரும். எச்எஸ்ஆர் 25 ஆர்-ன்னா கட்டை, உசரம் 40. அங்க ஆர் பிளாக்குக்கு, ஹைவின்ல ஆர் ரயிலுக்கு, இதையும் பாத்துக்கிடுங்க. ஆனா ஒரு கம்பெனி பிளாக்க இன்னொரு கம்பெனி ரயில்ல ஏத்தவே கூடாது, உள்ள வரியோட வடிவம் வேற, தள்ளுனா ஏறுத மாதிரி கூட இருக்கும், ஓடாது. மாத்துனா ரயிலோட சேத்து மாத்தணும். ரெக்ஸ்ராத் நம்பர் இன்னும் கஷ்டம், ஆர்1651, ஆர்1622ன்னு வெறும் எண்ணா இருக்கும், காதா கட்டையான்னு எழுத்தப் பாத்துச் சொல்ல முடியாது, 1651 காது, 1622 கட்டைன்னு மனப்பாடமா இருந்தாத்தான் உண்டு. அண்ணாச்சி அதுக்குன்னு கேட்டலாக்க பிரிண்ட் போட்டு நூல் கட்டி வச்சிருக்காரு, ஓரம் எல்லாம் கிரீஸ் கறை.

கொறையும் சொல்லணும். வண்டி நிறுத்த எடமே கிடையாது, மதுரை ரோட்டு ஓரத்துல போட்டா பஸ்காரன் ஹாரன் அடிச்சே கொல்லுவான், பைக்குல போறதுதான் நல்லது. மத்தியானம் ஒண்ணரைக்கு ஷட்டர எறக்குனா நாலு மணிக்குத்தான் தொறப்பாரு, நான் ரெண்டு தடவ வெயில்ல நின்னேன். வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்புனா சாயங்காலம்தான் பாக்காரு, அதுலயும் "நேர்ல கொண்டாரும்"ன்னுதான் பதில் வரும், தூரத்துல வள்ளியூர், சங்கரன்கோவில்ல இருந்து வர்றவங்களுக்கு இது கஷ்டம்தான், இத அவரு மாத்திக்கிட்டா நல்லா இருக்கும். கையில இருக்கிறது 15, 20, 25 பிளாக்குதான், ரயில் கோயம்புத்தூர்ல வெட்டி வரணும், எனக்கு நாலு நாளுன்னு சொன்னாரு, ஆறு நாள் ஆச்சி. பில்லு முழு ஜிஎஸ்டியோட, அதுல முழு நம்பரும் எழுதித் தாராரு, வெறுமனே பிளாக்கு நாலுன்னு எழுதுதது கிடையாது. விலை ஆன்லைன விட ஒரு பிளாக்குக்கு முந்நூறு ரூவா கிட்ட கூடத்தான். நான் சந்தோசமாக் குடுத்தேன், ஏற்கனவே ஒன்பதாயிரத்த தூக்கிப் போட்டவன் நான்.

ரயில் வந்த அன்னைக்கி கடைலயே பிரிச்சி மொத ஓட்டைய வெர்னியர் வச்சி அளந்தோம், ரெண்டு முனையும் ரெண்டு ரயில்லயும் 20. ஒரு ரயில்ல எம்ஆர்ன்னு அடிச்சிருக்கும், அதுதான் மாஸ்டர், அத மொதல்ல நேரா பிடிச்சிட்டு மத்தத அதுக்கு இணையா டயல் வச்சி பாத்து இறுக்கணும், ரெண்டையும் ஒண்ணா இறுக்கிராதீரும்னு சொல்லி அனுப்புனாரு. பிளாக்குல வர்ற பிளாஸ்டிக் துண்டு ரயில தூக்கிப் போடாதீங்க, ரயில் முனையில அத வச்சி நேரா தள்ளி ஏத்தணும். ஞாயித்துக்கிழம காலைல ஆரம்பிச்சி சாயந்திரம் ஆறு மணிக்கு கேன்ட்ரி உக்காந்துட்டு, நாலு பிளாக்குக்கும் பதினாறு போல்ட், பதினாறும் கையாலயே எறங்கிச்சு. மணி செதுக்குனோம், வட்டம் வட்டமா வந்துச்சு.

போறவங்க பழைய பிளாக்கக் கழுவிட்டுக் கொண்டு போங்க, ரயில் நீளம், ஓட்டை இடைவெளி, முனை அளவு மூணையும் எழுதிக்கிட்டுப் போங்க, 30ஓ அதுக்கு மேலயோ வேணும்னா ஃபோன் போட்டுட்டுப் போங்க. நான் அந்த முழு நம்பரையும், எச்ஜிடபிள்யூ 25 சிசி 2 ஆர் 1600 இசட்0 சி பிளஸ் டிடி, முனை 20, ரயிலு ரெண்டுன்னு எனாமல் பெயிண்ட்டால பட்டறைச் சுவத்துல எழுதிப் போட்டுட்டேன், மிஷின் மேல இல்ல, தண்ணி நின்ன கறைக்கு ரெண்டடி மேல.